டாக்டர்களின் சுயம்வரம்

பி.காம் படிக்கிறவனுக்கு டாக்டர்கள் சங்கதி எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. எங்கள் பொருளாதாரப் பாடத்தில் முதல் செமஸ்டரிலேயே தேவை ஒரு கோடு, அளிப்பு ஒரு கோடு என்று வரையச் சொல்லிவிடுவார்கள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விலை நிற்கும். வெங்காயமானாலும் வேலையானாலும் கதை அதுதான். விலை ஏறினால் ஒரு பக்கம் விலகுவான், இறங்கினால் இன்னொரு பக்கம் விலகுவான், கடைசியில் கணக்கு சரியாகிவிடும்.

ஆனால் விலையை வைத்துக் கணக்கை நேர் செய்யாத சந்தைகளும் உலகத்தில் உண்டு. அதில் ஒன்று, அமெரிக்காவில் டாக்டர் மாணவர்கள் தங்கள் மேற்பயிற்சிக்கு இடம் பிடிக்கும் சந்தை. யார் இருதயம் பார்ப்பார், யார் எலும்பு பார்ப்பார், யார் குழந்தைகளைப் பார்ப்பார் என்பது அங்கே வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில், ஒரு கம்ப்யூட்டர் மூலம் முடிவாகிறது. இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தேடிப் படித்தபோது ஒரு துப்பறியும் கதை மாதிரி இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் நாலு வருடம் படித்துப் பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. அதன் பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒரு துறையில் பயிற்சி எடுக்க வேண்டும். இதற்குப் பெயர் ரெசிடென்சி. குடும்ப மருத்துவம் என்றால் 3 வருடம், மூளை அறுவை சிகிச்சை என்றால் 7 வருடம். பயிற்சி இல்லாமல் வைத்தியம் பார்க்க உரிமம் கிடைக்காது. பால்டிமோர் நகரத்தில் 1889-ல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் வில்லியம் ஆஸ்லர், வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற இரண்டு பெரிய டாக்டர்கள் இந்த முறையை ஆரம்பித்து வைத்தார்கள். பயிற்சி டாக்டர்கள் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்தார்கள். அங்கேயே குடியிருப்பவர் என்பதால்தான் ரெசிடென்ட் என்ற பெயர்.

முந்திக்கொண்டவனுக்கே டாக்டர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படிப்பை முடித்த மாணவர் ஒரு வருடம் "இன்டர்ன்" ஆகப் போவது வழக்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரிகளுக்கு இது பெரிய லாபம். படித்த ஆள், இரவு பகல் பார்க்காமல் உழைப்பான், சாப்பாடும் தங்க இடமும் கொடுத்தால் போதும். பல இடங்களில் சம்பளமே கிடையாது.

இவ்வளவு லாபமான சரக்கு என்றால் என்ன ஆகும்? தட்டுப்பாடு வரும். ஆஸ்பத்திரிகளிடம் இருந்த இடங்கள் அதிகம், வெளியே வரும் மாணவர்கள் குறைவு. ஆக, நல்ல மாணவனைப் பிடிக்க ஆஸ்பத்திரிகள் போட்டி போட்டன. எங்கள் பாடப் புத்தகம் சொல்வது போல சம்பளத்தை ஏற்றியிருக்க வேண்டும். அவை அப்படிச் செய்யவில்லை. தேதியை முன்னால் தள்ளின. பக்கத்து ஆஸ்பத்திரி கடைசி வருடத்தின் முடிவில் ஆள் எடுத்தால், நான் கடைசி வருடத்தின் ஆரம்பத்தில் எடுப்பேன். அவன் அதற்கும் முன்னால் வந்தால், நான் மூன்றாம் வருடத்துக்கே போவேன். இப்படியே போய் 1944 வாக்கில், வேலையில் சேர ஏறக்குறைய 2 வருடம் இருக்கும்போதே, மூன்றாம் வருடத்தின் தொடக்கத்திலேயே பேரம் முடிந்துகொண்டிருந்தது.

இதில் இரண்டு பக்கத்துக்கும் நஷ்டம். மூன்றாம் வருடம்தான் மாணவன் வார்டுக்குள் காலை வைக்கிற வருடம். அறுவை சிகிச்சை தனக்குப் பிடிக்குமா, ரத்தத்தைப் பார்த்தால் கை நடுங்குமா என்று அவனுக்கே தெரியாது. அவன் கெட்டிக்காரனா என்று ஆஸ்பத்திரிக்கும் தெரியாது. ஆளுக்கு ஆள் தெரியாமலே நிச்சயதார்த்தம். நம் ஊரில் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு மாமன் மகனைப் பேசி வைப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

1945-ல் மருத்துவக் கல்லூரிகள் ஒன்றுகூடி ஒரு முடிவு எடுத்தன. குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் எந்த மாணவனுடைய மதிப்பெண்ணையும், பரிந்துரைக் கடிதத்தையும் வெளியே கொடுப்பதில்லை. மதிப்பெண் தெரியாமல் யாரை எடுப்பது? தேதி நகர்வது நின்றுவிட்டது.

நள்ளிரவு தந்தி

ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறக்கும் அல்லவா?

எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே சமயத்தில் மாணவர்களைக் கூப்பிட ஆரம்பித்தன. ஒரு மாணவனுக்கு அவனுடைய மூன்றாவது விருப்பமான ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. முதல் விருப்பமான ஆஸ்பத்திரி அவனைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறது. அவன் என்ன செய்வான்? கடைசி நிமிடம் வரை பதில் சொல்லாமல் இழுப்பான். அவன் இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் வேண்டாம் என்றால், அந்த ஆஸ்பத்திரிக்கு அடுத்த ஆளைத் தேட நேரம் இல்லை. அந்த அடுத்த ஆள் அதற்குள் வேறு எங்கோ ஒப்புக்கொண்டிருப்பான்.

அதனால் ஆஸ்பத்திரிகள் யோசிக்கும் நேரத்தைச் சுருக்கின. 1945-ல் பதில் சொல்ல 10 நாள் அவகாசம். 1946-ல் 8 நாள். 1949-ல் வந்த யோசனையைக் கேளுங்கள். நவம்பர் 15-ஆம் தேதி நள்ளிரவு 12 மணி 1 நிமிடத்துக்குத் தந்தி போக வேண்டும், அன்று பகல் 12 மணி வரை மாணவன் யோசிக்கலாம். இந்த 12 மணி நேரமே ரொம்ப அதிகம் என்று ஆஸ்பத்திரிகள் சங்கம் மறுத்துவிட்டது! 12:01-க்குப் பிறகு காத்திருக்கும் கட்டாயம் எதுவும் இல்லை என்று கடைசியில் எழுதிக்கொண்டார்கள். சரியாக 12:01-க்குக் கையில் கிடைக்கும்படி தந்தியை முன்கூட்டியே தந்தி ஆபீசில் கொடுத்து வைக்கவும் அனுமதி உண்டு. அடுத்த வருடத் தீர்மானத்தில், தந்தி அனுப்பிவிட்டு உடனே மாணவனுக்குப் போன் போட்டு நச்சரிக்கக் கூடாது என்று தனியாக ஒரு விதியே சேர்க்க வேண்டியிருந்தது. நச்சரித்திருக்கிறார்கள், வேறென்ன!

ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்கச் செய்யப்போகும் தொழிலை நடு ராத்திரியில், தூக்கக் கலக்கத்தில், தந்திக்காரன் வாசலில் நிற்கும்போது முடிவு செய்கிறான். சந்தை என்றால் சுதந்திரம் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் யாருக்கும் தேர்வு செய்ய நேரம் இல்லை.

மாணவர்கள் பிடித்த பிழை

இனி தாங்காது என்று ஆன பிறகு எல்லோரும் ஒரு பொது ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் தருவார்கள். ஆஸ்பத்திரிகளும் மாணவர்களை வரிசைப்படுத்திப் பட்டியல் தரும். ஒரு மைய அலுவலகம் துளை அட்டை இயந்திரங்களை வைத்து இரண்டையும் பொருத்தும். முதலில் ஒரு ஒத்திகை பார்த்தார்கள்.

ஒத்திகையில் வைத்திருந்த முறையில் ஒரு பிழை இருந்ததைக் கண்டுபிடித்தவர்கள் மாணவர்கள். ஆசைப்பட்டு ஒரு எட்டாக்கனியை முதல் இடத்தில் எழுதுகிற மாணவன், அதுவும் கிடைக்காமல், இரண்டாவதாக எழுதியதையும் இழக்கக் கூடும். அதையே முதலில் எழுதியிருந்தால் கிடைத்திருக்கும். அதாவது மனதில் இருப்பதை உண்மையாக எழுதினால் தண்டனை, கணக்குப் போட்டுப் பொய் எழுதினால் பரிசு.

1951-ல் ஹார்வர்டு மருத்துவ மாணவராக இருந்த ஹார்டி ஹென்ட்ரன் தலைமையில் மாணவர்கள் ஒரு குழு அமைத்தார்கள். பாஸ்டனில் உருவான மாற்று முறை ஒன்றை முன்வைத்துப் போராடினார்கள். பெரியவர்கள் இறங்கி வந்தார்கள். முறை மாறியது. 1952-ல் முதல் பொருத்தம் நடந்தது. சுமார் 10,400 இடங்கள், சுமார் 6,000 மாணவர்கள். ஹென்ட்ரன் பிற்காலத்தில் குழந்தைகள் அறுவை சிகிச்சையில் புகழ்பெற்ற நிபுணர் ஆனார். பரீட்சை நேரத்தில் விதிமுறைப் புத்தகத்தை உட்கார்ந்து படித்த அந்தப் பையன்கள்தான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த கதாநாயகர்கள்.

அந்த முறையின் தத்துவத்தை ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். ஜான், மேரி, பீட்டர் என்று மூன்று மாணவர்கள். நகர ஆஸ்பத்திரி, ஆற்றங்கரை ஆஸ்பத்திரி, மலை ஆஸ்பத்திரி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு இடம். ஜானுக்கும் மேரிக்கும் முதலில் நகரம், அடுத்து ஆற்றங்கரை, கடைசியில் மலை. பீட்டருக்கு முதலில் ஆற்றங்கரை, பிறகு நகரம், பிறகு மலை. நகர ஆஸ்பத்திரியின் வரிசை மேரி, ஜான், பீட்டர். ஆற்றங்கரையின் வரிசை ஜான், பீட்டர், மேரி. மலை யார் வந்தாலும் எடுத்துக்கொள்ளும்.

முதல் சுற்றில் ஜானும் மேரியும் நகரத்தின் கதவைத் தட்டுகிறார்கள். நகரம் மேரியை வைத்துக்கொள்கிறது, தற்காலிகமாகத்தான். ஜான் வெளியே. பீட்டருக்கு ஆற்றங்கரையில் தற்காலிக இடம். இரண்டாவது சுற்றில் ஜான் ஆற்றங்கரைக்கு வருகிறான். அவனைத்தான் அந்த ஆஸ்பத்திரிக்கு அதிகம் பிடிக்கும். எனவே பீட்டர் வெளியே. பீட்டர் நகரத்துக்குப் போகிறான், அங்கே மேரி இருக்கிறாள். கடைசியில் மலைக்குப் போகிறான். இனி தட்ட யாரும் இல்லை. இப்போதுதான் தற்காலிகம் நிரந்தரம் ஆகிறது.

கவனித்தீர்களா? ஜான் நகரத்தை முதலில் எழுதி அது கிடைக்காமல் போனாலும் ஆற்றங்கரையை இழக்கவில்லை. அவனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்த பீட்டர், முன்னால் வந்த காரணத்தால் தப்பிக்கவில்லை. பீட்டருக்கு மலை பிடிக்கவில்லைதான். ஆனால் அவன் ஆசைப்படும் இடங்கள் எதுவும் தன்னிடம் இருக்கும் ஆளை விட்டுவிட்டு அவனை எடுக்கத் தயாராக இல்லை. கொல்லைப்புறமாக ஓடிப்போகக் கூட ஜோடி இல்லை! இதைத்தான் "நிலையான பொருத்தம்" என்கிறார்கள்.

பத்து வருடம் கழித்து வந்த கணிதம்

1962-ல் டேவிட் கேல், லாய்ட் ஷாப்லி என்ற இரண்டு கணித மேதைகள் கல்லூரிச் சேர்க்கையையும் திருமணத்தையும் பற்றிச் சில பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதினார்கள். எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், எப்படிப்பட்ட விருப்பங்கள் இருந்தாலும் நிலையான பொருத்தம் ஒன்று கண்டிப்பாக உண்டு என்று நிரூபித்தார்கள். அதைக் கண்டுபிடிக்கும் வழிதான் மேலே சொன்ன கதவு தட்டும் முறை. டாக்டர்கள் இதைப் பத்து வருடமாக நடைமுறையில் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது கட்டுரையில் இல்லை. 1984-ல் ஆல்வின் ராத் என்ற பொருளாதார அறிஞர்தான் இரண்டும் ஒரே விஷயம் என்று காட்டினார். 2012-ல் ராத்துக்கும் ஷாப்லிக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. கேல் 2008-லேயே இறந்துவிட்டார்.

ராத் இன்னொரு காரியமும் செய்தார். பிரிட்டனில் 1960-களில் இதே பிரச்சினை வந்தபோது ஒவ்வொரு வட்டாரமும் ஒவ்வொரு பொருத்த முறையை வைத்துக்கொண்டது. எடின்பரோ, கார்டிஃப் நகரங்களின் முறைகள் நிலையான வகை. அவை நீடித்தன. நியூகாசில், பர்மிங்ஹாம், ஷெஃபீல்ட் முறைகள் அப்படி இல்லை. அவை கைவிடப்பட்டன. மறைவில் பேரம் பேச வழி இருந்தால் மனிதன் பேசியே தீருவான். அப்புறம் பட்டியல் வெறும் சடங்கு.

1970-களில் ஒரு புதுச் சிக்கல் வந்தது. மருத்துவக் கல்லூரிகளில் பெண்கள் அதிகமானார்கள், வகுப்புத் தோழர்களே கணவன் மனைவி ஆனார்கள். ஒருவருக்கு பாஸ்டனிலும் மற்றவருக்கு டெக்சாஸிலும் இடம் வந்தால் என்ன செய்வது? தம்பதியில் ஒருவர் "முதன்மை உறுப்பினர்" என்று குறிப்பிட வேண்டும், அவருக்குக் கிடைத்த ஊரைப் பொறுத்து மற்றவருக்குத் தேடுவோம் என்றார்கள். வீட்டில் யார் பெரியவர் என்று பாரத்தில் எழுதச் சொன்னால் எந்த வீடு தாங்கும்? பல தம்பதிகள் ஏற்பாட்டை விட்டே வெளியேறித் தாங்களே இடம் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் இருவரும் சேர்ந்தே ஜோடி ஜோடியாகப் பட்டியல் கொடுக்கலாம் என்று மாற்றினார்கள்.

1990-களில் மாணவர் அமைப்புகள் மறுபடி கேள்வி கேட்டன. பழைய முறையில் கதவைத் தட்டுவது ஆஸ்பத்திரி. எந்தப் பக்கம் தட்டுகிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் கொஞ்சம் ஆதாயம் என்பது கணிதம். அது ஏன் மாணவர்களாக இருக்கக் கூடாது? 1995-ல் ராத்தையே கூப்பிட்டார்கள். அவரும் எலியட் பெரான்சனும் மாணவர் தட்டும் முறையை வடிவமைத்தார்கள். 1998 முதல் அது அமலில் இருக்கிறது. பழைய பட்டியல்களை வைத்துச் சோதித்தபோது, இந்த மாற்றத்தால் இடம் மாறுகிறவர்கள் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான். இத்தனை சண்டையும் ஆயிரத்தில் ஒருவருக்காகவா என்று தோன்றும். ஆனால் மிச்சம் 999 பேருக்கும் கிடைத்தது ஒரு நிம்மதி. மனதில் இருப்பதை அப்படியே எழுது, உனக்கு நஷ்டம் வராது.

சம்பளம் எங்கே போச்சு?

நம்ம ஆள் வணிகவியல், சம்பளத்தைப் பற்றிக் கேட்காமல் விடுவானா? 2002-ல் பயிற்சி டாக்டர்கள் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். எல்லா ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து பொருத்தம் நடத்துவது கூட்டுச் சேர்ந்து சம்பளத்தை அமுக்குவதற்குச் சமம், போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்பது வழக்கு. பொருத்தம் ஒருவருக்கு ஒரே ஒரு இடம்தான் தரும், வேண்டாம் என்று பேரம் பேச முடியாது என்பதால் இது வீண் வாதம் இல்லை. 2004-ல் அமெரிக்கக் காங்கிரஸ், ஓய்வூதிய நிதி பற்றிய ஒரு சட்டத்துக்குள் ஒரு பிரிவைச் சொருகி, பொருத்த ஏற்பாடு சட்டவிரோதம் இல்லை என்று சொல்லிவிட்டது. வழக்கு தள்ளுபடி ஆனது.

நியாயம் யார் பக்கம்? குடல் நோய் மருத்துவத்தின் மேற்பயிற்சியில் 1990-களின் கடைசியில் பொருத்த முறை நொறுங்கியது. பிறகு சில வருடங்கள் கட்டுப்பாடற்ற சந்தைதான். பொருத்தம் இருந்த துறைகளையும் இல்லாத துறைகளையும் ராத்தும் முரியல் நீடர்லேயும் ஒப்பிட்டார்கள். பொருத்தம் இல்லாத இடங்களில் சம்பளம் உயர்ந்திருக்கவில்லை. குடல் நோய்த் துறையில் வேறொன்று நடந்தது. தேதிகள் மறுபடி முன்னால் ஓடின, ஆஸ்பத்திரிகள் வெளியூர் ஆட்களைத் தேடாமல் தங்களிடம் ஏற்கெனவே இருந்தவர்களையே எடுத்தன. 1944-ன் கதை திரும்பியது. 2006-ல் அவர்களே பொருத்தத்துக்குத் திரும்பிவிட்டார்கள். சம்பளம் குறைவு என்ற குறை உண்மை, ஆனால் குற்றவாளி இந்தக் கம்ப்யூட்டர் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சந்தையைக் கலைத்தால் சம்பளம் ஏறும் என்பதற்குச் சாட்சி இல்லை.

கம்ப்யூட்டரால் முடியாதது

இதுவரை சொன்னது பட்டியலைப் பொருத்தும் கதை. பட்டியலில் எந்தத் துறையை எழுதுவது என்ற கதை வேறு. 2003-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு, 1996 முதல் 2002 வரை மாணவர்கள் எடுத்த துறைகளைப் பார்த்தது. நேரம் கையில் இருக்கும் துறைகளை நோக்கி அவர்கள் நகர்ந்ததைக் காட்டியது. தோல், கண், மயக்க மருந்து, எக்ஸ்ரே. நடு ராத்திரியில் போன் அடிக்காத துறைகள், அல்லது அடித்தாலும் முறை வைத்து அடிக்கும் துறைகள். கூடவே வருமானமும் அதிகம். குடும்ப மருத்துவம் 1969-லேயே தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது, ஆனால் கடன் வாங்கிப் படித்த மாணவனை அந்தத் துறையின் வருமானம் இழுப்பதில்லை.

காற்று மாறுவதும் உண்டு. அவசர சிகிச்சைத் துறை ஒரு காலத்தில் மாணவர்கள் முண்டியடித்த துறை. 2021-ல் அந்தத் துறையின் சங்கமே 2030-ல் டாக்டர்கள் ஆயிரக்கணக்கில் உபரியாக இருப்பார்கள் என்று கணிப்பு வெளியிட்டது. 2022 பொருத்தத்தில் அந்தத் துறையில் 200-க்கு மேல் இடங்கள் காலி. 2023-ல் 550-க்கு மேல். இரண்டே வருடத்தில் அத்தனை இளைஞர்களின் ஆசை திசை மாறிவிட்டது. தேவையும் அளிப்பும் எங்கேயும் போய்விடவில்லை. பட்டியலின் உள்ளே போய் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

கடைசியாக ஒரு தேற்றம். இதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. பொருத்தத்தில் ஆள் கிடைக்காமல் காலி விழுவது பெரும்பாலும் கிராமப்புற ஆஸ்பத்திரிகள். யார் தட்டுவது என்று முறையை மாற்றினால் அவற்றுக்குக் கூடுதலாக நாலு பேர் கிடைப்பார்களா? கிடைக்க மாட்டார்கள் என்று 1986-ல் ராத் நிரூபித்தார். நிலையான ஒரு பொருத்தத்தில் இடம் நிரம்பாத ஆஸ்பத்திரிக்கு, வேறு எந்த நிலையான பொருத்தத்திலும் அதே ஆட்கள்தான், ஒருவர் கூட மாற மாட்டார். எவ்வளவு புத்திசாலித்தனமான கம்ப்யூட்டரும் மலை ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்ப முடியாது, மலைக்குப் போக யாராவது ஆசைப்பட்டால் ஒழிய.

இந்தியாவில் முறை வேறு. இங்கே மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு ரேங்க்தான் வரிசை. கல்லூரி தன் பங்குக்குப் பட்டியல் எதுவும் தருவதில்லை. முன்னால் நிற்பவர் முதலில் எடுத்துக்கொள்கிறார். நம் ஊர் டாக்டர்கள் பலர் அமெரிக்கப் பொருத்தத்திலும் ஒவ்வொரு வருடமும் கலந்துகொள்கிறார்கள். ஆனால் இரண்டு ஊரிலும் கடைசியில் காலியாக நிற்கும் நாற்காலிகளைப் பார்த்தால், பிரச்சினை பொருத்தும் முறையில் இல்லை என்பது புரியும்.

1951-ன் மாணவர்கள் ஒரு நியாயமான விஷயத்தைச் சாதித்தார்கள். ஆசையை உண்மையாக எழுத இடம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த ஆசை எதன் பக்கம் சாய்கிறது என்பதற்குச் சம்பள விகிதம், படிப்புக் கடன், ராத்திரி வேலை, ஊரில் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று நூறு காரணம். அவற்றில் ஒன்றைக் கூட கம்ப்யூட்டர் தொடுவதில்லை. மலைக்கு டாக்டர் வேண்டும் என்றால் கணிதத்தை விட்டுவிட்டு அந்த நூறு காரணத்தில்தான் கை வைக்க வேண்டும். அதற்குப் பணம் செலவாகும். யார் கொடுப்பது என்பது இன்னொரு பெரிய கதை, அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் டாக்டர் யாராவது இருந்தால், இந்தத் துறையை ஏன் எடுத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பார் என்று நினைக்கிறேன்.